புரோகிராம் நின்றது, மோட்டார் நிற்கவில்லை

போன சித்திரையில் எனக்கு 19 நாளும் 13,300 ரூபாயும் கரைந்தது, நானே எழுதிய ஒரே ஒரு வரியால். அந்த வரியில் பிழை இல்லை. ஏதாவது கோளாறு தெரிந்தால் புரோகிராமை அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன், அப்படியே நிறுத்தியது. நிறுத்தினால் என்னென்ன நிற்கும், எதெல்லாம் நிற்காது என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஒரு போர் மோட்டார் பிழைத்திருக்கும். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மதுரை மாவட்டம் செக்கானூரணிப் பக்கம் சித்தப்பாவுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை. 380 அடி போர், 5 ஹெச்.பி. த்ரீ பேஸ் சப்மெர்சிபிள். ராத்திரி கரண்ட் வந்ததும் எழுந்து போய் ஸ்டார்ட்டரை அமுக்க வேண்டாமே என்று ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். உள்ளே அர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினி போர்டு, அதில் ஏ.டி.மெகா 328பி சிப். மெசேஜ் வாங்க சிம்800எல் மாட்யூல். ஒரு 5 வோல்ட் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் இழுபடும் சுவிட்ச். அது ஸ்டார்ட்டரில் இருக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சின் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும். எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அளக்க, ஒரு பேஸ் வயரைச் சுற்றி ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். தண்ணீர் ஏறும்போது அந்த மோட்டார் 8 ஆம்பியர் பக்கம் இழுக்கும், போர் வற்றிக் காற்று இழுத்தால் 5-க்குக் கீழே இறங்கிவிடும். அதை நொடிக்கு ஒரு முறை பார்த்து, குறைந்தால் ரிலேவை விடுவிப்பதுதான் டிரை ரன் பாதுகாப்பு. ஸ்டார்ட்டரிலேயே ஓவர்லோடு ரிலே இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஆம்பியர் கூடினால்தான் விழும். வறண்டு ஓடும்போது ஆம்பியர் குறையும் என்பதால் அது அசையாது.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் விடிகாலையில் சித்தப்பா போன் செய்தார். "ஏப்பா, ஒம் பொட்டி செத்துக் கெடக்கு. மோட்டாரு மட்டும் ராவெல்லாம் ஓடிருக்கு. நிறுத்துறதுக்குத்தானப்பா அந்தப் பொட்டியே?" அந்தக் கேள்வி இன்னமும் என் காதில் இருக்கிறது. போர் எப்போது வற்றியதோ தெரியாது. தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாருக்குச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாமல் ஓடி, காயில் கருகிவிட்டது. மோட்டாரைத் தூக்கி, திரும்ப இறக்க 4,000. காயில் கட்ட 7,500. ஐந்து நாள் மோட்டார் கடையில் கிடந்தது, மொட்டு வைக்கிற நேரத்தில் செடிகள் காய்ந்தன. சித்தப்பா முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்கு நான் செய்த முதல் காரியமே தப்பு. பெட்டி உறைந்து கிடந்த நிலையிலேயே லேப்டாப்பை யு.எஸ்.பி.யில் சொருகி, சீரியல் மானிட்டரைத் திறந்தேன். நானோ போர்டில் சீரியல் போர்ட்டைத் திறந்தாலே டி.டி.ஆர். கம்பி வழியாக ரீசெட் ஆகிவிடும். எந்த வரியில் நின்றது என்பதற்கான சாட்சி அந்த நொடியிலேயே போய்விட்டது. போர்டின் ரீசெட் பின்னுக்கும் (பின் என்றால் கம்பி மாட்டும் கால்) கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டால் இதைத் தடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். உறைந்தபிறகு வைத்தால், காலியான கெபாசிட்டர் ஒரு கணம் பின்னைக் கீழே இழுத்து அதுவே ரீசெட் செய்துவிடும். இரண்டாவது தப்பு, சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு, நிறைந்திருந்த விளம்பர மெசேஜ்களைப் படிக்காமலே எல்லாவற்றையும் அழித்தது. காரணம் அதற்குள்தான் இருந்தது. கோளாறான பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் விளக்கு எரிகிறதா, ரிலே எந்தப் பக்கம், எத்தனை வோல்ட் என்று மீட்டரால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வதைக் கடைசிக்கு வையுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கோடில் நாலைந்து இடத்தில் அசெர்ட் போட்டிருந்தேன். "இந்த எண் இதற்கு மேல் போகவே கூடாது, போனால் நிறுத்து" என்கிற வகை. ஏ.வி.ஆர். சிப்களுக்கான சி நூலகத்தில் அசெர்ட் தோற்றால் அபார்ட் கூப்பிடப்படும். அபார்ட் செய்வது இரண்டே வேலை. இன்டரப்ட்களை, அதாவது ஓடும் வேலையை இடைமறித்து அவசர வேலையைச் செய்யவைக்கும் வசதியை, அணைக்கும், பிறகு ஒரே இடத்தில் முடிவில்லாமல் சுற்றும். எக்ஸிட் கூப்பிட்டாலும் கடைசியில் இதே கதிதான். கணினியில் புரோகிராம் செத்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் வந்து பொருட்களை வாரிக்கொண்டு போகும். இங்கே வாருவதற்கு யாரும் இல்லை. அவுட்புட் பின் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே இருக்கும், ஏனென்றால் அந்த நிலையைப் பிடித்து வைத்திருப்பது சிப்புக்குள் இருக்கும் போர்ட் ரிஜிஸ்டர் என்ற சின்ன நினைவிடம், ஓடும் கோட் அல்ல. ரிலே இழுத்திருந்தால் இழுத்தபடியே நிற்கும். பி.டபிள்யூ.எம். என்ற வேகத் துடிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தால் டைமர் தன்பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிரை ரன் பார்க்க வேண்டிய கோட் மட்டும் செத்துவிட்டது. பாதுகாப்பை எடுத்துவிட்டு மோட்டாரை விட்டுவைத்த மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அபார்ட்டுக்கு முன்னால் சீரியலில் ஒரு பிழைச் செய்தி அனுப்பும் வரி வைத்திருந்தேன். மேசையில் சோதித்தபோது செய்தியின் முதல் இரண்டு எழுத்து மட்டும் வந்து நின்றது. அர்டுயினோவில் சீரியல் எழுத்துகள் ஒரு 64 பைட் வரிசையில் காத்திருந்து, இன்டரப்ட் வழியாக ஒவ்வொன்றாக வெளியே போகும். 9600 வேகத்தில் ஒரு எழுத்துக்கு 1 மில்லி செகண்ட். இன்டரப்ட்டை அணைத்த நொடியே மிச்சமெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். நிறுத்துவதற்கு முன் ஃபிளஷ் கூப்பிட்டு, வரிசை காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். இதை அறியாமல் வயரிங் தப்போ என்று ஒரு முழு நாள் சால்டரிங் இரும்போடு உட்கார்ந்திருந்தேன்.

அதே தர்க்கத்தை லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்போம் என்று கிளாங் கம்பைலரில் (கோடை ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), கோடைச் சுருக்கி வேகமாக்கும் ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தபோது இன்னொரு குழி. நிறுத்துவதற்காக எழுதிய வெற்று முடிவிலி லூப் மாயமாகி, கட்டுப்பாடு அடுத்த ஃபங்ஷனுக்குள் போய் விழுந்தது. சி மொழியில் நிபந்தனை இடத்தில் நேரடியாக 1 என்று எழுதிய வைல் லூப்புக்குப் பாதுகாப்பு உண்டு. சி++ மொழியிலோ 2011 தரநிலை முதல், எந்த விளைவும் இல்லாத லூப் ஒருநாள் முடியும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். வெற்று லூப்பை இதிலிருந்து விடுவிக்கும் திருத்தம் சி++26-ல்தான் வந்தது. அர்டுயினோவின் ஜி.சி.சி. கம்பைலர் இதை அழிப்பதில்லை. ஆனாலும் லூப்புக்குள் கம்பைலர் அழிக்கக் கூடாத ஒரு வோலடைல் அசெம்ப்ளி வரி, எதுவும் செய்யாத வெறும் நாப் கட்டளை ஆனாலும் சரி, போட்டு வைப்பது என் பழக்கமாகிவிட்டது.

ஆறாம் நாள் மோட்டார் வந்ததும், மூன்று மாற்றத்தோடு பெட்டியைத் திரும்ப வைத்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் வரி எண்ணை, கரண்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈப்ரமில் எழுதுவது. அதன்பிறகு சும்மா சுற்றாமல் வாட்ச்டாக்கை, அதாவது குறித்த நேரத்துக்குள் கோட் தட்டிக்கொடுக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமரை, 15 மில்லி செகண்டுக்கு இயக்கிவிட்டுச் சுற்றுவது. ரீசெட் ஆன நேரத்தில் மெசேஜ் தவறிவிடக்கூடாது என்று, துவங்கும்போது சிம்மில் காத்திருக்கும் மெசேஜ்களைப் படிப்பது. ரீசெட் ஆனால் 328பி-யின் எல்லாப் பின்களும் இன்புட் நிலைக்குப் போய்விடும், ரிலே விழுந்துவிடும். அதுவரை என் கணக்கு சரி.

வாட்ச்டாக் வைப்பவர்கள் நானோவின் பழைய பூட்லோடரை, அதாவது போர்டு துவங்கியதும் முதலில் ஓடும் சின்ன புரோகிராமை, கவனியுங்கள். வாட்ச்டாக்கால் ரீசெட் ஆனபின்பும் வாட்ச்டாக் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதுவும் மிகக் குறைந்த நேரத்தில். பழைய பூட்லோடர் அதை அணைக்காது, தானும் சீக்கிரம் வெளியே வராது. அதனால் பூட்லோடருக்குள்ளேயே திரும்பத் திரும்ப ரீசெட் ஆகி, எல்.இ.டி. படபடவென்று மின்னும், சப்ளையைக் கழற்றிப் போட்டால்தான் மீளும். ஒரு அர்டுயினோ ஊனோ போர்டை ஐ.எஸ்.பி. புரோகிராமராக (பூட்லோடர் இல்லாமலே சிப்பில் நேராக எழுதும் கருவி) வைத்து, போர்டை ஊனோ என்று தேர்ந்தெடுத்து ஆப்டிபூட் என்ற பூட்லோடரை ஏற்றினால் இது தீரும். 2 கிலோபைட் இருந்த பூட்லோடர் 512 பைட்டாகச் சுருங்குவது கூடுதல் லாபம். அப்போதே சிப்பின் அமைப்பைச் சொல்லும் ஹை ஃப்யூஸ் என்ற எண்ணை டி.இ. என்பதற்குப் பதில் டி.6 என்று வையுங்கள். ஐ.எஸ்.பி. வழியாக அழித்து எழுதினாலும் ஈப்ரமில் உள்ள பதிவு தங்கும். உங்கள் கோடில் வாட்ச்டாக்கை அணைக்கும்போது, ரீசெட் காரணம் சொல்லும் எம்.சி.யூ.எஸ்.ஆர். ரிஜிஸ்டரில் வாட்ச்டாக் பிட்டை முதலில் அழிக்க வேண்டும், இல்லையென்றால் அணையாது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சித்தி போன் செய்தார்: "தம்பி, ஸ்டார்ட்டரு டக்கு டக்குனு அடிச்சுக்கிட்டே கெடக்குப்பா, பயமா இருக்கு." நான் பைக்கில் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அதுவரை 20 நொடிக்கு ஒரு முறை மோட்டார் கிளம்பி நின்றிருக்கிறது, ஏறக்குறைய 270 முறை. நிமிடத்துக்கு மூன்று முறை கிளம்பும்படி போர் மோட்டாரைச் செய்வதில்லை. மோட்டார் தப்பியது, கான்டாக்டர் முனைகள் தீய்ந்துவிட்டன. 1,800 ரூபாய். நடந்தது இதுதான்: பெட்டி துவங்கும், 5 நொடியில் மோட்டாரைக் கிளப்பும், சிம் நெட்வொர்க் பிடித்ததும் மெசேஜைப் படிக்கும், அசெர்ட் தோற்கும், ரீசெட். மறுபடி துவங்கும், அதே மெசேஜ் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இந்த முறை ஈப்ரமில் சாட்சி இருந்தது. வரி எண் 212. மெசேஜ் நீளம் 200-ஐத் தாண்டக்கூடாது என்ற அசெர்ட். ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்துதானே, தலைப்புக்கு 40 சேர்த்து 200 என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்ததோ தமிழில் ஒரு விளம்பரம். தமிழ் எஸ்.எம்.எஸ். யூ.சி.எஸ்.2 முறையில் வரும், ஒன்றுக்கு 70 எழுத்துதான். ஆனால் மாட்யூல் அதை டெக்ஸ்ட் மோடில் ஹெக்ஸ் எண்ணாகக் கொட்டும், எழுத்துக்கு நான்கு இலக்கம். 70-ஐ 4-ஆல் பெருக்கினால் 280. தமிழ் பேசுகிற ஊரில் வைக்கிற பெட்டிக்கு, தமிழில் மெசேஜ் வரும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் மனது வலிக்கிறது.

அசெர்ட் என்பது என் கோடில் நானே செய்த தப்பைப் பிடிக்க. வெளியிலிருந்து வருவது எதற்கும் அசெர்ட் வைக்கக் கூடாது. மெசேஜ், சென்சார் அளவு, யாரோ அமுக்கும் பட்டன், இவை எப்படி வேண்டுமானாலும் வரலாம். அது தப்பாக வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடர வேண்டும், சாகக் கூடாது. இப்போது 200-க்கு மேல் வரும் எழுத்துகளை வாங்கிக் கீழே போட்டுவிடுகிறேன். மெசேஜை என் பஃபருக்கு எடுத்த உடனே, அதைப் பிரித்துப் பார்க்கும் முன்பே, சிம்மிலிருந்து அழிக்கிறேன். பிரிப்பதில் புரோகிராம் செத்தாலும் அடுத்த முறை அந்த மெசேஜ் இருக்காது.

நிறுத்தும் ஃபங்ஷன் ஒன்றே ஒன்று, அதன் வரிசை இப்படி. முதலில் ரிலே பின்னை நேரடியாகப் போர்ட் ரிஜிஸ்டரில் எழுதி அணைப்பது. அர்டுயினோ ஃபங்ஷன் எதையும் நம்பக் கூடாது, மெமரி கெட்டுப்போய்த்தான் இங்கே வந்திருக்கலாம். கடையில் கிடைக்கும் ரிலே போர்டுகள் பெரும்பாலும் பின் கீழே, அதாவது 0 வோல்ட்டுக்கு, போனால்தான் இழுக்கும், உங்களுடையது எது என்று பார்த்து எழுதுங்கள். அந்த வகையானால் துவக்கத்திலும் முதலில் பின்னை மேலே எழுதிவிட்டு, பிறகுதான் அவுட்புட் ஆக்க வேண்டும், மாற்றிச் செய்தால் ஒவ்வொரு ரீசெட்டிலும் ரிலே ஒரு முறை அடிக்கும். அடுத்து இன்டரப்ட் அணைப்பு. அடுத்து ஈப்ரமில் வரி எண்ணும், எத்தனையாவது முறை என்ற எண்ணும். ஒரு பைட்டுக்கு 3.4 மில்லி செகண்ட், இன்டரப்ட் இல்லாமலே எழுதலாம். கடைசியில் வாட்ச்டாக். துவங்கும்போது எண் 3-ஐத் தொட்டிருந்தால் மோட்டாரைத் தொடுவதே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும், யாராவது பட்டனை 5 நொடி அமுக்கினால்தான் மீளும். ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடினால் எண் பூஜ்ஜியம். எந்த ரீசெட்டுக்குப் பிறகும் மோட்டார் கிளம்ப 3 நிமிடம் காத்திருக்கும்.

வாட்ச்டாக்குக்குச் சாப்பாடு போடும் வரி, அதாவது அதன் நேரத்தைத் திரும்பத் துவக்கும் வரி, மெயின் லூப்பில் ஒரே இடத்தில் இருக்கட்டும். டைமர் இன்டரப்ட்டில் வைத்தால் மெயின் லூப் செத்தாலும் இன்டரப்ட் போட்டுக்கொண்டே இருக்கும், வைத்ததற்கே அர்த்தமில்லை. 328பி-யில் அதிகபட்சம் 8 நொடி. சிம்800 மெசேஜ் அனுப்பிப் பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுக்கலாம், அதனால் பதிலுக்காக ஒரே இடத்தில் காத்து நிற்காமல் லூப் சுற்றும்போதெல்லாம் எட்டிப் பார்க்கும்படி எழுத வேண்டியிருந்தது. 19 நாளில் நான்கு நாள் இதற்கே போனது.

இவ்வளவு செய்தும் எனக்குத் தூக்கம் வந்தது சர்க்யூட்டை மாற்றிய பிறகுதான். பின் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ரிலே விழ வேண்டும், துடித்துக்கொண்டே இருந்தால் மட்டும் இழுக்க வேண்டும். பின்னிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். அதன் மறுமுனையில் இரண்டு 1என்4148 டையோடு. ஒன்று கிரவுண்டிலிருந்து அந்த முனைக்கு, மற்றது அந்த முனையிலிருந்து ஐ.ஆர்.எல்.இசட்.44 என்ற மாஸ்ஃபெட்டின் (சுவிட்ச் போல் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) கேட்டுக்கு. கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட், அதோடு இணையாக 100 கே ரெசிஸ்டர். ரிலே காயில் மாஸ்ஃபெட்டின் டிரெய்னில், காயிலுக்குக் குறுக்கே 1என்4007. மெயின் லூப் ஒவ்வொரு சுற்றிலும் பின்னைத் திருப்பிப் போடும், நொடிக்கு 100 துடிப்புக்குக் குறையாமல். கோட் எங்கே நின்றாலும் கெபாசிட்டர் நேர் மின்சாரத்தை விடாது, கேட்டில் இருப்பது ரெசிஸ்டர் வழியே வடிந்து ஒன்றிரண்டு நொடியில் ரிலே விழும். ஒன்றை மறக்காதீர்கள்: இந்தத் துடிப்பை பி.டபிள்யூ.எம். அல்லது டோன் ஃபங்ஷனில் கொடுத்தால் பழைய கதைதான், டைமர் செத்த கோடுக்காகத் துடித்துக்கொண்டே இருக்கும். சாமான் மொத்தமும் மதுரை டவுன் ஹால் ரோட்டிலேயே கிடைத்தது, நூறு ரூபாய்க்குள்.

வேறு சிப்பில் வேலை செய்பவர்களுக்கு: கார்டெக்ஸ்-எம் வகையில், எஸ்.டி.எம்.32 போன்றவற்றில், பிரேக்பாயின்ட் கட்டளை வைத்து நிறுத்துவார்கள். டீபக்கர் என்ற பிழை தேடும் கருவி சொருகியிருந்தால் அழகாக நிற்கும், இல்லாமல் வயலில் ஓடினால் ஹார்ட்ஃபால்ட் என்ற பிழை நிலைக்குப் போகும். அங்கே நீங்கள் எதுவும் எழுதவில்லை என்றால் ஸ்டார்ட்அப் கோடின் முடிவிலி லூப், பின்கள் அப்படியே. பூஜ்ஜியத்தால் வகுத்தால் நிற்கும் என்று நம்பாதீர்கள். எம்3, எம்4-ல் அதற்கான பிட்டை இயக்காவிட்டால் விடை பூஜ்ஜியம் என்று கொடுத்துவிட்டுப் போய்விடும். ஏ.வி.ஆரில் நல் பாயின்டரில், அதாவது 0 முகவரியில், எழுதினால் செயலிழக்காது, 0 என்ற முகவரி அங்கே ஒரு ரிஜிஸ்டர். லினக்ஸ் கணினியில் அபார்ட் என்றால் 6-ஆம் சிக்னல், ஷெல்லில் 134 என்று தெரியும். இன்டெல் வகை ப்ராசஸரின் ஹால்ட் கட்டளையைச் சாதாரண புரோகிராம் ஓட்டினால் ப்ராசஸர் நிற்காது, அந்தப் புரோகிராம்தான் சாகும். கெர்னலுக்குள் ஓட்டினாலும் அடுத்த இன்டரப்ட் வரும்வரைதான் தூக்கம். அசெர்ட்டை நம்பி ரிலீஸ் செய்பவர்கள் என்டீபக் என்ற மேக்ரோ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அத்தனை அசெர்ட்டும் கோடிலேயே இல்லை.

பெட்டி வெளியே போவதற்கு முன் இப்போது நானே அதைக் கொல்கிறேன். சீரியலில் ஒரு எழுத்து அனுப்பினால் அசெர்ட் தோற்கும், இன்னொன்றுக்கு வெற்று லூப்பில் மாட்டும், இன்னொன்றுக்கு இன்டரப்ட்டை அணைத்துவிட்டுச் சுற்றும், நாலாவதுக்கு ஸ்டாக் நிறையும்வரை தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். ரிலே இழுத்திருக்கும்போது ஒவ்வொன்றும் பத்து முறை, மோட்டாருக்குப் பதில் 60 வாட் குண்டு பல்பு. பல்பு அணைய எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன், 2 நொடிக்கு மேல் போனால் பெட்டி மேசையை விட்டு நகராது. பத்தொன்பதாம் நாள் சித்தப்பா வயலில் இதையே மோட்டாரோடு ஒரு முறை செய்து காட்டினேன். கான்டாக்டர் விழுந்த சத்தம் கேட்டதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, குழாயிலிருந்து தண்ணீர் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொருக்கா நிறுத்து" என்றார்.